வாசலில் சொல்ல வேண்டிய வார்த்தை

கீத்லி,
நவம்பர் 15, சனிக்கிழமை

அன்புள்ள லினெட்,

அப்பா எழுதுகிறேன். நான் நலமாக இருக்கிறேன். நலம் என்றால் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இடது முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே மழை வருவதைச் சொல்லிவிடுகிறது. நீயும் ஹேமிஷும் ஐலாவும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நியூசிலாந்தில் இப்போது வெயில் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருக்கும், இங்கே நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் கத்திவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டேன். அதன்பிறகு நீ கூப்பிட்ட எந்தத் தடவையும் எடுக்கவில்லை. போன் அடிக்கும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு ஷாஹித்துக்கு நீ போன் செய்தாயாம். அவர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "உங்க பொண்ணு அங்க அழுதுக்கிட்டு இருக்கு, நீங்க இங்க இலை கூட்டிக்கிட்டு இருக்கீங்க, என்ன மனுஷன் நெவில் பாய் நீங்க" என்று கேட்டார். உயிரோடுதான் இருக்கிறேன் என்று மட்டும் உனக்குச் சொல்லச் சொன்னேன். ஏன் கத்தினேன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வைத்துவிடுவேன், நீ மறுபடியும் பயந்துபோவாய். அதனால்தான் எழுதுகிறேன். கேட்டால் வெறும் காஸ் மீட்டர் சமாசாரம், பொறுமையாகப் படி.

அதற்கு முன் வீட்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். உன் எட்னா அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது தடியை ஊன்றி நடக்கிறாள், வாய்க்கு மட்டும் ஆபரேஷன் எதுவும் செய்யவில்லை போலிருக்கிறது. தோட்டத்தில் இந்த வருஷம் முட்டைக்கோஸைப் புழு தின்றுவிட்டது, உருளைக்கிழங்கு பரவாயில்லை. ஐலாவுக்கு முன்பல் விழுந்த போட்டோ வந்தது, அதைப் பிரிண்டு போட்டு அடுப்பு மேடையில் வைத்திருக்கிறேன். நீ எட்னாவிடம், அப்பா கல்லு மாதிரி இருக்கார், அம்மாவைப் புதைச்சப்ப கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கோபம் இல்லை, நீ சொன்னது சரிதான். மே மாதத்திலிருந்து எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டதும் கன்னம் இருக்கும் பார், தொட்டால் யாரோ ஒருவருடைய கன்னத்தைத் தொடுவது போல, அப்படித்தான் முழு உடம்பும் இருக்கிறது. கடைக்குப் போகிறேன், ரொட்டி அலமாரிக்கு முன்னால் நிற்கிறேன், எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரிவதில்லை. யாராவது "தள்ளிக்கறீங்களா ஐயா" என்று கேட்டால் தள்ளிக்கொள்கிறேன். வேதனை இருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும், ஆனால் அந்தத் தோன்றலிலும் பெரிய வேகம் இல்லை. உன்னிடம் இதைச் சொல்லாததற்குக் காரணம், சொல்லும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நம் தெருவில் பதினாலாம் நம்பர் டட்டன் அம்மாள் வீட்டுக்குள், தண்ணீர்க் கம்பெனியிலிருந்து வருகிறேன், குழாயைப் பார்க்கணும் என்று ஒருவன் நுழைந்து, அந்த அம்மாள் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு சமையலறையில் நின்ற நேரத்தில் மாடிக்குப் போய் நகைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், உனக்கு நினைவிருக்கும். அதைக் கேட்டதிலிருந்து உன் அம்மாவுக்கு ஒரே பதைபதைப்பு. காஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, இனிமேல் உங்க ஆளுன்னு சொல்லிக்கிட்டு எவன் வந்தாலும் நான் எப்படி நம்பறது என்று கேட்டாள். வயசானவர்கள் வீட்டுக்கு அவர்களிடம் ஓர் ஏற்பாடு இருக்கிறதாம். நாம் ஒரு வார்த்தையைச் சொல்லி வைத்துவிட வேண்டும், கம்பெனி ஆள் எப்போது வந்தாலும் வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் கதவைத் திறக்கலாம். அவள் சமையலறையில் நின்றபடியே அந்த வார்த்தையைக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து என்னிடமும் சொன்னாள். நான் ரக்பி பார்த்துக்கொண்டிருந்தேன், கடைசி எட்டு நிமிஷம். ம்ம் என்றேன். "என்ன சொன்னேன், சொல்லு பாக்கலாம்" என்று கேட்டாள். காஸ் என்றேன். அதோடு போய்விட்டாள். நானும் அப்புறம் கேட்டுக்கொள்ளவில்லை. யாராவது வந்தால் அவள்தானே வாசலுக்குப் போகிறவள். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாய்லரையும் சாவிக்கொத்தையும் பார்த்துக்கொண்டு, வந்த இன்ஸ்பெக்டருக்கெல்லாம் கதவு திறந்துவிட்டவன் நான், என் சொந்த வீட்டுக் கதவைத் திறக்கும் வார்த்தை எனக்குத் தெரியாது.

ஜூலையில் முதல் கடிதம் வந்தது, திருமதி மொரீன் ஹார்க்ரீவ்ஸ் என்று உன் அம்மா பெயர் போட்டு. உங்கள் வீட்டுக் காஸ் மீட்டரை நேரில் பார்த்துச் சோதிக்க வேண்டியிருக்கிறது, இது கட்டாயம், இன்ன தேதியில் ஆள் வருவார் என்று எழுதியிருந்தது. அடுப்பு மேடையில் வைத்துவிட்டு மறந்துவிட்டேன். அந்தத் தேதியில் ஒருவன் வந்தான். கழுத்தில் அட்டை, கையில் போன் மாதிரி ஒரு மிஷின், முகம் நல்ல முகம். நான் சங்கிலியைக் கழற்றாமலே, வார்த்தை என்ன என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது, அவள் சொல்லியிருந்த ஒழுங்கு, வாய் தானாகக் கேட்டுவிட்டது. அவன் மிஷினை மேலும் கீழும் தள்ளிப் பார்த்து, "இதுல அப்படி எதுவும் வரலையே சார்" என்றான். அப்படியானால் போய்விட்டு வா என்று கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான் உறைத்தது. அவன் ஏதோ ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், அது சரியா தப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்போது அங்கேயே, கோட்டு மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றபடி, இன்னொன்றும் தோன்றியது. உன் அம்மா என்னிடம் சொல்லி நான் கேட்காத ஒரு வார்த்தை இன்னும் பாக்கி இருக்கிறது. கம்பெனியில் எங்கேயோ இருக்கிறது. மே மாதத்துக்குப் பிறகு எனக்கு ஒன்று வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான். அவளுடைய விலாசப் புத்தகம், காலண்டரின் பின்பக்கம், கேக் செய்முறை எழுதி வைத்த டப்பா, கைப்பையில் இருந்த பழைய ரசீதுகள், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பார்த்துவிட்டேன். எங்கும் எழுதவில்லை. எழுதி வைத்தால் திருடன் பார்த்துவிடுவான் என்று நினைத்திருப்பாள், அவ்வளவு ஜாக்கிரதைக்காரி.

கம்பெனிக்குப் போன் செய்தேன். இருபது நிமிஷம் பாட்டுக் கேட்டபிறகு ஒரு பெண் வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "கணக்கு யாரு பேர்ல இருக்கோ அவங்ககிட்டதான் சார் பேச முடியும். மேடத்துகிட்ட போனைக் குடுக்கறீங்களா?" என்றாள். அவங்க மே மாசம் போயிட்டாங்கம்மா என்றேன். "எப்ப திரும்பி வருவாங்க சார்?" என்று கேட்டாள். பாவம், அவள் மேல் தப்பில்லை, நான்தான் சரியாகச் சொல்லவில்லை, இறந்துவிட்டாள் என்ற சொல் எனக்கு வாயில் வருவதில்லை. அப்புறம் சொன்னேன். அவள் பதறிப்போய் வேறொரு பிரிவுக்கு மாற்றிவிட்டாள், இறந்தவர்கள் கணக்கை மட்டும் பார்க்கிற பிரிவாம் அது. அங்கே பேசியவர் மெதுவாகப் பேசினார், காய்ச்சல்காரனிடம் பேசுவது போல. "பேரை உங்க பேருக்கு மாத்திடலாம் சார், சுலபம்தான். பழைய கணக்கை மூடிட்டா அதுல இருக்கற குறிப்பு எல்லாம் அழிஞ்சிடும். புதுக் கணக்குல நீங்க உங்க இஷ்டப்படி ஒரு வார்த்தை வச்சுக்கலாம்" என்றார். பழைய வார்த்தை என்ன என்று மட்டும் சொல்ல முடியுமா என்றேன். "போன்ல சொல்லக்கூடாது சார். வாசல்ல வர்ற எங்க ஆளுதான் சொல்லணும். அதுக்குத்தானே சார் அந்த ஏற்பாடே" என்றார். என் மனைவி வைத்தது, நாற்பத்தாறு வருஷம் கூடவே இருந்தவன் நான் என்றேன். "புரியுது சார்" என்றார். புரிந்தது என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் சொல்லவில்லை. ஆக, ஒரே ஒரு வழிதான். கணக்கு அவள் பெயரில் இருக்கும்போதே, அந்த வார்த்தை ஏறிய மிஷினோடு ஒருவர் என் வாசலுக்கு வந்து சொன்னால் உண்டு. பெயரை மாற்றினால் போச்சு. இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அதற்கப்புறம் செப்டம்பரில் ஒருவன், அக்டோபரில் ஒருவன் வந்தார்கள். கம்பெனி இந்தச் சோதனை வேலையை வேறு ஒருத்தருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறது, அந்த ஆட்களுடைய மிஷினுக்கு விலாசம் மட்டும்தான் போகிறது, வார்த்தை போகவில்லை. செப்டம்பர்க்காரன் தமாஷ் பேர்வழி. "நானே ஒண்ணு சொல்லிப் பாக்கறேன் சார், ராபின்?" என்றான், தோட்டத்துச் சுவரில் உட்கார்ந்திருந்த ராபின் குருவியைப் பார்த்துக்கொண்டே. அவளுக்கு அந்தக் குருவி பிடிக்கும். "நிஜமாவா?" என்றேன். "இல்ல சார், சும்மா அடிச்சு விட்டேன்" என்றான். அவனை அனுப்பிவிட்டேன். அக்டோபர்க்காரனுக்கு இந்த விளையாட்டெல்லாம் இல்லை, கதவிடுக்கில் ஒரு சீட்டைச் செருகிவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போனான். பிறகு வந்த கடிதத்தின் நிறமே வேறு. மூன்று முறை அனுமதி மறுத்துவிட்டீர்கள், இருபத்தாறாம் தேதி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட்டு உத்தரவு வாங்கி, பூட்டுத் திறப்பவரையும் அழைத்துக்கொண்டு வருவோம் என்று. அதுவும் அவள் பெயருக்குத்தான் வந்தது. வாழ்நாளில் நூலகப் புத்தகத்தைக்கூட ஒரு நாள் தாமதமாகக் கொடுக்காதவளைக் கோர்ட்டுக்கு இழுக்கிறார்கள். ஷாஹித்திடம் காட்டினேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், சட்டம் ஒழுங்கு என்றால் அவருக்கு மரியாதை. "ஒத்தை வார்த்தைக்காகக் கோர்ட்டு வரைக்கும் போவீங்களா நெவில் பாய்? கதவைத் தொறந்து விடுங்க, அவன் பாட்டுக்குப் பாத்துட்டுப் போறான்" என்றார். காரணத்தை நான் அவரிடமும் சொல்லவில்லை. மனுஷன் பிடிவாதத்தில் ஒற்றைக் காலில் நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டு ஒரு தட்டு பிரியாணியைக் கொடுத்துவிட்டுப் போனார். காரமா உப்பா என்று தெரியாமலே சாப்பிட்டேன்.

இந்த நேரத்தில்தான் போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். கோர்ட்டுக் கடிதத்தைப் பற்றி வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கணக்கு நம்பர் என்ன என்று நீ கேட்டாய், நானும் மடையன் மாதிரி கடிதத்தைப் பார்த்து வாசித்தேன். ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "அப்பா, அஞ்சு நிமிஷ வேலை, அம்மா பேரை எடுக்கச் சொல்லி நானே ஃபாரம் அனுப்பிட்டேன். மூணு வேலை நாள்ல எல்லாம் உங்க பேருக்கு வந்துடும், இனிமே எவனும் தொந்தரவு பண்ண மாட்டான்" என்றாய். அவ்வளவு அன்பாகச் சொன்னாய். எனக்குத் தலைக்குள் என்ன ஆனது என்று தெரியவில்லை. யாரைக் கேட்டு அவளை அழித்தாய் என்று கத்தினேன். உனக்கு எப்படி இருந்திருக்கும்! கத்தியது என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாள்தான் இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. நீ மறுபடி கூப்பிட்டபோது எடுத்திருந்தால் இன்னும் கேவலமாக ஏதாவது பேசியிருப்பேன், அதனால்தான் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கம்பெனியைப் பிடித்தேன். இந்தத் தடவை ஓர் ஆண், கிளாஸ்கோ பக்கத்துக் குரல். மீட்டர் சோதனைக்கு ஆள் அனுப்புங்கள், புதன்கிழமைக்குள் வேண்டும் என்றேன். அவன் பழைய விவரத்தைப் பார்த்துவிட்டு, "சார், மூணு தடவை எங்க ஆளைத் திருப்பி அனுப்புனது நீங்கதானே?" என்று கேட்டான். நான்தான் என்றேன். "இப்ப நீங்களே கூப்பிடறீங்க?" நானேதான் என்றேன். இருபத்தொன்றாம் தேதிக்கு முன்னால் ஒருவரும் இல்லை என்றான். அப்போது அவனிடம் சொன்னேன் லினெட். உன்னிடமும் எட்னாவிடமும் ஷாஹித்திடமும் சொல்லாததை, முகம் தெரியாத ஒருவனிடம் ஒன்று விடாமல் சொன்னேன். ரக்பி பார்த்தது, ம்ம் என்றது, டப்பா டப்பாவாகத் தேடியது, நீ ஃபாரம் அனுப்பியது, எல்லாம். அப்புறம், "எனக்கு இங்க திரையில அந்த வார்த்தை தெரியுது சார். நான் படிக்கக்கூடாது, பேசறதெல்லாம் பதிவாகுது, வேலை போயிடும்" என்றான். வேண்டாம்ப்பா, அப்படிக் கேட்க மாட்டேன் என்றேன். "எங்க சொந்த ஆளு ஒருத்தரை அனுப்ப முடியுமான்னு பாக்கறேன். வார்த்தையை வாசல்ல கட்டாயம் சொல்லணும்னு பெரிய எழுத்துல போட்டுடறேன். சத்தியம் பண்ண முடியாது சார்" என்றான். பெயர் கேட்க மறந்துவிட்டேன், அது ஒரு குறையாகவே இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். தபால்காரர் வந்தார், எதிர்வீட்டுக்குப் பார்சல் வந்தது, வேறு யாரும் வரவில்லை. தோட்டத்துக்குப் போகவில்லை, குளிக்கப் போனால் அந்த நேரம் பார்த்து மணி அடித்துவிடுமோ என்று குளிக்கவும் இல்லை. புதன்கிழமையும் அப்படியே. மத்தியானம் டோஸ்டும் பீன்ஸும் ஜன்னலோரம் வைத்தே சாப்பிட்டேன். மூன்றரை மணிக்கு, சரி, அவ்வளவுதான், நம் காதுக்கு அது விதிக்கப்படவில்லை என்று எழுந்துவிட்டேன். கோபம்கூட வரவில்லை, பழையபடி அந்த மரத்துப்போன நிலைதான் வந்தது, வழக்கமான நாற்காலி போல அதில் போய் உட்கார்ந்துகொண்டேன். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வேன் நின்றது. நாற்பது வயது தாண்டிய ஒரு பெண் இறங்கினாள், மழைக்கோட்டு, பெரிய டார்ச், அட்டையில் ஜோசலின் என்று பெயர். சங்கிலியைப் போட்டபடி கதவைத் திறந்தேன். "காஸ் மீட்டர் சோதனை சார், மேடம் மொரீன் ஹார்க்ரீவ்ஸ் வீடுதானே?" என்றாள். ஆமாம், வார்த்தையைச் சொல்லும்மா என்றேன். அவள் மிஷினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் மிஷினைப் பார்த்தாள். "சார், நான் இதைச் சொன்னா தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே? சத்தியமா இப்படித்தான் போட்டிருக்கு" என்றாள். சொல்லு கண்ணு என்றேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பஞ்சுக்காது" என்றாள்.

உனக்குப் புரிந்திருக்கும். வேறு யாருக்கும் புரியாது. கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து எத்தனை தடவை அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட்டிருப்பாள், காதுல பஞ்சையா அடைச்சு வச்சிருக்கே என்று ஆரம்பித்து, பிறகு பஞ்சுக்காது என்றே ஆகிவிட்டது. நீ ஸ்கூல் சேர்ந்த புதிதில் டீச்சர் உன் அப்பா பேர் என்ன என்று கேட்டதற்கு, பஞ்சுக்காது என்று சொல்லிவிட்டு வந்தாயே, அதற்கு அவள் ஒரு வாரம் சிரித்தாள். இப்போது எல்லாம் தெளிவாக நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு அவள் முன்னறைக்கு வந்து என் முகத்துக்கு நேராக நின்று, "வார்த்தை என்ன தெரியுமா, பஞ்சுக்காது" என்றுதான் சொல்லியிருக்கிறாள், நான் ம்ம் என்றிருக்கிறேன். சமையலறை வரைக்கும் சிரித்துக்கொண்டே போனாள். மேட்சைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். மூன்று வருஷம், நான் எப்போது கண்டுபிடிப்பேன் என்று அவள் காத்துக்கொண்டிருந்திருப்பாள். நான் வாயைத் திறக்காமல் நிற்பதைப் பார்த்து, எனக்குக் கேட்கவில்லை என்று ஜோசலின் நினைத்துக்கொண்டாள். கதவிடுக்கில் முகத்தை வைத்து, "பஞ்சுக்காது!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டிருந்த ஷாஹித் அப்படியே நின்றார். "ஏம்மா, பெரியவரை என்ன பேச்சுப் பேசறே, உங்க கம்பெனியில இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்களா" என்று சண்டைக்கு வந்துவிட்டார். அவள் மிஷினைத் தூக்கிக் காட்டி, "ஐயா, இதுல இருக்கு ஐயா" என்கிறாள், அவர் கண்ணாடி இல்லாமல் அதைப் படிக்கப் பார்க்கிறார். நான் சங்கிலியைக் கழற்றினேன். அவரை விடுங்க, நீங்க இன்னொரு தடவை சொல்லுங்க என்று அவளிடம் கேட்டேன். மூன்றாவது தடவை மெதுவாகச் சொன்னாள். அதற்குள் அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது.

மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் லினெட். ஆஸ்பத்திரியில் வராதது, கல்லறையில் வராதது, ஒரு காஸ் கம்பெனிக்காரி முன்னால் வந்தது. மீட்டர் அந்தப் படிக்குக் கீழேயிருக்கிற அலமாரியில்தானே இருக்கிறது, அவள் என் கால் பக்கத்தில் குனிந்து, இஸ்திரிப் பலகையை எடுத்து வெளியே வைத்து, டார்ச் அடித்து, குழாய் மூட்டெல்லாம் முகர்ந்து பார்த்து, நம்பரைக் குறித்து, தன் பாட்டுக்கு வேலையைச் செய்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை, அதற்கு அவளுக்குப் புண்ணியம் உண்டு. முடித்ததும், "மீட்டர் நல்லா இருக்கு சார், கசிவு எதுவும் இல்லை" என்றாள். ஷாஹித் உள்ளே வந்து கெட்டிலைப் போட்டார். மூன்று பேரும் டீ குடித்தோம். கோர்ட்டு மனுவெல்லாம் தானாக ரத்தாகிவிடுமாம்.

மறுநாளே உன் ஃபாரம் வேலை செய்துவிட்டது, மொரீன் பெயர் போய் நெவில் ஹார்க்ரீவ்ஸ் என்று கணக்கு மாறிவிட்டதாகச் செய்தி வந்தது. பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. நீ செய்தது சரியான காரியம், உன் அம்மா இருந்திருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பாள். நான் கத்தியது தப்பு, என்னை மன்னித்துவிடு. நான் தேறிவிட்டேன் என்றும் நினைத்துவிடாதே. புதன்கிழமை அழுததோடு எல்லாம் உருகிவிடும் என்று எதிர்பார்த்தேன், அப்படி இல்லை, வியாழக்கிழமை காலையிலேயே கன்னம் மறுபடி மரத்துவிட்டது. ஆனால் அடியில் உயிர் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அது போதும். நாளை ஞாயிற்றுக்கிழமை நானே உன்னைக் கூப்பிடுகிறேன், கடிதம் வரும்வரை இதைப் பற்றிக் கேட்காதே, மற்றதெல்லாம் பேசு, ஐலாவையும் பேச வை. உங்கள் வீட்டு ஹீட்டரைக் குளிர் வருவதற்குள் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடச் சொல் ஹேமிஷிடம், புகை அலாரத்துக்கு பேட்டரியும் மாற்றச் சொல், அவன் சரி சரி என்பான், செய்தானா என்று நீ பார்த்துக்கொள். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் பேசுவதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு, நீண்ட நாள் சேர்ந்து இருக்க வேண்டும், இதுதான் என் ஆசீர்வாதம். நேற்றுக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, புதுக் கணக்குக்கு வாசலில் சொல்ல ஏதாவது வார்த்தை வைக்கிறீர்களா சார் என்று கேட்டாள். வைக்கிறேன் என்றேன். சொன்னேன். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாள், அதையும் சொன்னேன். "இதேதானா சார், நிச்சயமா?" என்றாள். இதேதான் என்றேன். இனி இந்த வீட்டுக்குக் காஸ் கம்பெனியிலிருந்து எவர் வந்தாலும், வாசலில் நின்று முதலில் என்னை அப்படிக் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வர முடியும்.

என்றும் உன் அன்பு அப்பா,
நெவில்